வைகாசியில் நட்ட கன்று

ஜூன் 5 வந்துவிட்டால் ராமநாதபுரத்தில் மண்வெட்டிக்குக் கிராக்கி ஏறிவிடும். பள்ளிக்கூடம், அலுவலகம், சங்கம் என்று ஒன்று பாக்கியில்லாமல் குழி தோண்டுவார்கள். கன்றை வைத்து, நாலு பேர் சேர்ந்து ஒரே பூவாளியைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி, படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். உலகச் சுற்றுச்சூழல் நாளை 1973 முதல் கொண்டாடி வருகிறார்கள். நல்ல நாள்தான். எங்கள் ஊர்க் கன்றுக்குத்தான் அது ஆகாத நாள்.

கேரளத்தில் அந்த வாரம் மழை இறங்கியிருக்கும். தென்காசிப் பக்கம் சாரலுக்கு நாள் எண்ணுவார்கள். எங்களுக்கோ அது வைகாசியின் கடைசி. கச்சான் காற்று எழும்பி, ரோட்டுப் புழுதியையும் கடற்கரை மணலையும் வாரி முகத்தில் அடிக்கும். ஈரத்தையெல்லாம் மேற்கு மலையில் இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிற காற்று அது. அடுத்த நல்ல மழைக்கு ஐப்பசி பிறக்க வேண்டும். நாலு மாதத்துக்கு மேல் இடைவெளி. அதற்குள் கன்று குச்சியாகிவிடும், மிச்சத்தை ஆடு பார்த்துக்கொள்ளும், கம்பிக்கூண்டு மட்டும் சாய்ந்து நிற்கும். நான் குடியிருக்கும் தெருவில் ஒரே குழியில் மூன்று ஆண்டு தொடர்ந்து மூன்று கன்று வைத்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் தடவை குழி தோண்ட வந்தவர், "பழைய குழிதான் சார், மண்ணு லேசா இருக்கு" என்று சிரித்தார்.

இதில் வேடிக்கை, சரியான நாளும் எங்கள் கையிலேயே இருப்பதுதான். அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் பிறந்தது 1931 அக்டோபர் 15. மரம் நடச்சொல்லி ஊர் ஊராகப் பேசியவர் என்பதால் அவர் பிறந்த நாளிலும் கன்று நடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தமிழ்நாட்டில் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. அந்த நாளில் குழிக்குள் இறங்கிய கன்றுக்குச் சில நாளிலேயே மழை கிடைக்கும், மார்கழி வரை மண்ணில் ஈரம் நிற்கும். வேர் பிடிக்க இரண்டரை மாதம். ஜூனில் செலவாகிற கன்றுகளை அப்படியே நாற்றங்காலில் வைத்துக் காப்பாற்றி அக்டோபருக்குத் தள்ளினால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஜூனில் விழா வைக்கவேண்டும் என்றால் வைக்கட்டுமே, அன்றைக்குக் குழியை மட்டும் தோண்டி வைக்கலாம்.

நகரத்து மரங்களைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் சென்னையையோ பெங்களூரையோ மனத்தில் வைத்து எழுதியவை. வெப்பம், புகை, கரியமில வாயு, சாலை அகலப்படுத்தல் என்று பேச்சு போகும். அவையெல்லாம் இங்கேயும் உண்டு. ஆனால் ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி மாதிரி ஊர்களில் மரம் என்று வாயெடுத்தால் முதலில் வந்து நிற்பது தண்ணீரும் உப்பும். நிழல் அதற்கு அப்புறம்தான்.

மணலுக்குள் மிதக்கும் தண்ணீர்

மாவட்டத்தின் கடற்கரை ஏறக்குறைய 237 கிலோமீட்டர். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவே நாக்கு நீட்டினமாதிரி மண்டபம் வரைக்கும் நிலம், பாம்பனைத் தாண்டினால் ராமேஸ்வரம் தீவு. ஆண்டு மழை சராசரியாக 827 மில்லிமீட்டர். இதை வைத்துப் பார்த்தால் வறண்ட பூமி என்று பெயர் வாங்கியிருக்கவே வேண்டாம். சிக்கல் மழையின் அளவில் இல்லை, அது வருகிற விதத்தில் இருக்கிறது. பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரை மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச ஒன்பது மாதத்தையும் மரம் தன் வேரை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

அந்த வேர் கீழே எதைத் தொடுகிறது என்று பார்க்கலாம். உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு. கடலோர மணலில் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள உப்புநீரோடு உடனே கலந்துவிடாது, அதன்மேல் மிதந்துகொண்டு நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நல்ல நீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை உப்புநீர் ஒதுங்கி இடம் கொடுக்கும் என்பது நிலத்தடி நீரைப் படித்தவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவரும் கணக்கு. அதையே திருப்பிப் போட்டால்தான் பயம் வரும். மேலே ஓர் அடியை மோட்டார் வைத்து இழுத்துவிட்டால், கீழே நாற்பது அடி உப்பு ஏறிவருவதற்கு வழி திறந்துவிட்டோம் என்று அர்த்தம். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ராமேஸ்வரத்தில், கோயிலுக்குள்ளே இருக்கும் 22 தீர்த்தங்களில் நல்ல தண்ணீர் ஊறுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் அதிசயப்படுவார்கள். அதே ஊரில் ஆழ்குழாய் போட்ட ஏதோ ஒரு விடுதியில் குளிக்கப் போனால் சோப்பு நுரைக்காது. இரண்டுக்கும் காரணம் இந்த ஒரே விதிதான்.

நல்ல நீர் மெலிந்து உப்பு ஏறும்போது அதை முதலில் சொல்லிக்காட்டுவது வீட்டு வாசல் மரம். இலையின் ஓரம் தீய்ந்ததுபோல் பழுப்பேறும். நுனிக்கிளையிலிருந்து காய்ந்துகொண்டு வரும். நோய் வந்துவிட்டது என்று மருந்தடிப்பவர்கள் உண்டு. கிணற்றுத் தண்ணீரில் ஒரு மடக்கு வாயில் வைத்துப் பார்த்தால் அந்தக் காசு மிச்சம்.

உப்பு கீழிருந்து மட்டும் வருவதில்லை. அலை உடைந்து தெறிக்கும் துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு வந்து இலைமேல் அப்பும். மண்டபத்திலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள், மரங்களெல்லாம் ஒரு பக்கமாகச் சீவிவிட்ட தலைமாதிரி சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். காற்று தள்ளித் தள்ளி வளைந்தது என்று நினைப்போம். அது பாதிதான். காற்றடிக்கும் பக்கத்துக் குருத்தெல்லாம் உப்பில் கருகிப்போக, மறுபக்கத்துக் குருத்து மட்டும் பிழைத்து வளர்ந்தது மீதி.

ரயில் ஜன்னலில் பார்த்தால்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போனால் இந்த உப்புக் கணக்கை மரங்களின் வரிசையிலேயே படிக்கலாம். டவுனுக்குள் வேம்பு, புங்கை, வாகை. வாலாந்தரவைப் பக்கம் பனை. உச்சிப்புளியில் (ஊர்ப் பெயரில் புளி இருந்தாலும்) தென்னந்தோப்பு. மண்டபம் நெருங்க நெருங்க, குடை விரித்தமாதிரி தட்டைத் தலையோடு முள்மரங்கள் வரத்தொடங்கும். 1914இல் திறந்த பழைய பாலம் ஓய்வெடுக்க, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் மேல் வண்டி மெல்லக் கடலைக் கடக்கும். தீவுக்குள் இறங்கினால் தென்னை, பனை, சவுக்கு, மறுபடியும் அந்தக் குடைமரம்.

அதற்கு உடை என்று பெயர். குடைவேல் என்றும் சொல்வார்கள். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் சொந்த மண். ஆப்பிரிக்கப் புல்வெளிப் படங்களில் ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் நிற்குமே, அந்த மரத்துக்கு இது பங்காளி. நெற்று ஆட்டுக்கு, முள் வேலிக்கு, கட்டை அடுப்புக்கு. உப்புக் காற்றிலும் வெறும் மணலிலும், யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல், நிழலென்று ஒன்றைத் தருவது இந்தக் கடற்கரையில் அதுதான். கரையோரக் குடியிருப்புகளில் கிழிந்த வலையைச் சரிபார்ப்பதும், மத்தியானச் சீட்டாட்டமும், கருவாட்டு வியாபாரமும் அதன் அடியில்தான் நடக்கும். உட்காருவதற்கு முன் முள்ளைக் கூட்டித் தள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்தக் கன்று வழங்கும் விழாவிலும் உடைக் கன்றை நான் பார்த்ததில்லை. முள்மரம் என்பதால் அதற்கு மரியாதை கிடையாது. இருப்பதை வெட்டி மனை போட்டுவிட்டு, அதே மனையில் வைப்பதற்கு வெளியூர் நர்சரியிலிருந்து கன்று வாங்கி வருகிறோம்.

பூவரசைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்துத் தெருக்களைப் பற்றிச் சொல்ல முடியாது. உப்பைத் தாங்கும், காற்றைத் தாங்கும், இதய வடிவ இலை அடர்ந்து தரை தெரியாமல் நிழல் விழும். அந்த இலையில் கொழுக்கட்டை அவிக்கலாம், பிள்ளைகள் சுருட்டிப் பீப்பீ ஊதலாம். வளைந்த கிளைகளைப் படகு கட்டுகிறவர்கள் தேடி வருவார்கள். காலையில் மஞ்சளாகப் பூத்து மாலையில் சிவந்து விழும் பூ வேறு. இத்தனைக்கும் மேலே இதற்கு ஒரு சௌகரியம் உண்டு. கன்று வேண்டாம், போத்து போதும். கைப்பருமனில் ஆறேழு அடிக் கிளையாக வெட்டி, மேல்முனையில் சாணியை அப்பி, ஐப்பசி ஈரத்தில் நட்டால் துளிர்த்துவிடும். ஆறடி உயரத்தில் விடும் தளிரை எந்த ஆடும் எட்டாது. எங்கள் ஊர்த் தெருமரங்களுக்கு முதல் எதிரி வெயிலில்லை, ஆடுதான். கம்பிக்கூண்டுக்குச் செலவழிக்கும் பணத்தையும், அந்தக் கூண்டு பழைய இரும்புக் கடைக்குப் போகிற கதையையும் நினைத்துப் பார்த்தால், போத்து நட்ட பெரியவர்களின் கெட்டிக்காரத்தனம் புரியும்.

கீழக்கரையில் ஒரு கடையில் மிஸ்வாக் குச்சி பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. தொழுகைக்கு முன் பல் துலக்க வாங்குவது. "காக்கா, இது எங்கேருந்து வருது?" என்று கடைக்கார அண்ணனைக் கேட்டேன். "வெளியேருந்து பாக்கெட்டுல வருது தம்பி. நம்ம உகா மரந்தான், கடக்கரையில கெடக்குறது. வாப்பா காலத்துல ஒடிச்சிட்டு வருவாங்க. இப்ப எங்கே போயி ஒடிக்க?" என்றார். உகா என்கிற உகாய் மரம், அரபுநாட்டிலிருந்து இந்தியக் கடற்கரை வரை உப்பு மண்ணில் தானாக வளர்வது. குட்டையாக, அடர்த்தியாக, எப்போதும் பச்சையாக இருக்கும். கடற்கரைத் தெருவில் காற்றை மறிக்க இதைவிடத் தோதான மரம் எது என்று தெரியவில்லை. அதைக் கடையில் விலைகொடுத்து வாங்கிப் பல் துலக்குகிறோம், தெருவில் வைக்கத் தோன்றவில்லை.

கடல்வழியில் வந்து இங்கேயே குடியேறிவிட்ட மரமும் உண்டு. பொந்தன்புளி. இலங்கையில் மன்னார்ப் பக்கம் பெருக்க மரம் என்பார்கள். ஆப்பிரிக்காவின் பெருமரம். அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது இந்தக் கடலின் இரண்டு கரையிலும் சொல்லப்படும் கதை. குதிரை வியாபாரமும் முத்து வியாபாரமும் நடந்த கரை என்பதால் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. நாலைந்து பேர் கைகோத்தாலும் அணையாத அடிமரம், உள்ளே பஞ்சுபோன்ற கட்டை, அதில் சேர்த்துவைத்த தண்ணீர். கோடையில் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு, வேரை மேலே வைத்து நட்டதுபோல் மொட்டையாக நிற்கும். மழைகாலத்தில் ஊதி, வெயில்காலத்தில் ஒட்டி, எத்தனையோ தலைமுறையாக இந்த மண்ணின் கணக்கை அது சரியாகப் போட்டுக்கொண்டு வருகிறது. தெருவுக்கு ஏற்ற மரமென்று சொல்லமாட்டேன், இடத்தை அடைக்கும். பூங்காவுக்கும் பள்ளி மைதானத்துக்கும் ஒன்று வைத்தால் நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அடியில் நிற்பார்கள்.

பனைக்கு நான் வக்காலத்து வாங்கத் தேவையில்லை. மாநில மரம். அதை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. அப்படியும் செங்கல் சூளைக்குப் போவது நின்றபாடில்லை. நகர மரமாக அதற்கு ஒரு குறை, நிழல் விழாது. ஊர் எல்லையில், கண்மாய்க் கரையில் வரிசையாக நின்று காற்றை உடைப்பதும் மண்ணைப் பிடிப்பதும் அதன் வேலை. அதை அந்த வேலைக்கு விடலாம்.

பாம்பனில் ஏன் வேர்க்கிறது

கோடையில் பாம்பனில் பதிவாகும் வெப்பநிலை மதுரையைவிடப் பெரும்பாலும் குறைவுதான். கடல் பக்கத்தில் இருப்பதன் லாபம். ஆனால் மதுரைக்காரர் இங்கே வந்தால் அரைமணி நேரத்தில் சட்டையைப் பிழியலாம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் உடம்பில் ஊறும் வேர்வை ஆவியாகாது. ஆவியாகாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதைத்தான் புழுக்கம் என்கிறோம்.

மரம் இரண்டு வழியில் குளுமை தருகிறது. வேர் இழுத்த தண்ணீரை இலைவழியே ஆவியாக்கிச் சுற்றுக்காற்றைக் குளிர்விப்பது ஒன்று. வெயிலை மறித்து நிழல் தருவது இன்னொன்று. கோவை, மதுரை மாதிரி உலர்ந்த காற்றுள்ள ஊர்களில் இரண்டும் வேலை செய்யும். ஈரம் கனத்த கடற்கரைக் காற்றில் முதல் வழிக்கு வீரியம் குறைவு. மேலும் தண்ணீருக்கே தட்டுப்பாடு உள்ள மரம் இலைத் துளைகளை மூடிக்கொண்டு சிக்கனமாக இருந்துவிடும். அதனால் இங்கே நிழல்தான் பெரிய வரவு. உச்சிவெயிலில் தார்ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸ் வரை போகும். மேலேயிருந்து சூரியன், கீழேயிருந்து ரோடு, பக்கத்திலிருந்து சுவர் என்று மூன்று பக்கமும் வாங்கும் சூட்டை ஒரு பூவரசு நிழல் பாதியாவது மறித்துவிடும். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட மாறாமல் இருக்கலாம், நிற்பவருக்கு மட்டும் வேறு ஊருக்கு வந்ததுபோல் இருக்கும்.

இது புரிந்துவிட்டால் பல அலங்கார வேலைகள் வீண் என்று தெரியும். சாலை நடுவில் சுவர் கட்டி அரளி வைப்பதால் காரில் போகிறவர் கண்ணுக்கு அழகு. ஓரத்தில் நடந்துபோகிறவருக்கும் மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் அம்மாளுக்கும் அதனால் ஒரு கையகலம் நிழல் கிடையாது. நிழல் வேண்டியது பஸ் நிற்கும் இடத்துக்கு மேற்கே, மூன்று மணி வெயிலை மறிக்கிற இடத்தில். அந்த இடத்தைத்தான் விளம்பரப் பலகைக்குக் கொடுத்துவிடுகிறோம். புது மனைப்பிரிவுகளில் வரிசையாக நிற்கும் கோனோகார்பஸும் இப்படித்தான். சீக்கிரம் வளரும், பச்சைத் தூண்மாதிரி நிற்கும், தண்ணீர்க் குழாயைத் தேடி வேர் நுழையும், அடியில் நாய்கூடப் படுக்க நிழல் விழாது. குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்குத் தடை போட்டது, அப்புறம் தமிழ்நாடும் அதே வழிக்கு வந்தது.

ஊருணியோடு போன நிழல்

ராமநாதபுரம் டவுனில் பழைய பெரிய மரங்கள் எங்கே நிற்கின்றன என்று ஒரு நாள் சைக்கிளில் சுற்றிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு ஊருணிக் கரையிலோ கோயில், பள்ளிவாசல் வளாகத்திலோ பழைய அரசுக் கட்டடத்திலோ போய் முடியும். முகவை ஊருணி, நீலகண்டி ஊருணி, செம்மங்குண்டு ஊருணி என்று ஊருக்குள்ளே ஊருணிகளைச் சுற்றித்தான் தெருக்கள் வளர்ந்திருக்கின்றன. குடிதண்ணீர் அதிலிருந்து வந்தவரை கரையைக் காத்தார்கள், கரையில் நின்ற வேம்பையும் அரசையும் காத்தார்கள். ஊருணியில் நிறைந்த தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து சுற்று மண்ணை ஈரமாக வைத்திருந்தது. மரத்துக்கு யாரும் தனியாகத் தண்ணீர் ஊற்றவில்லை, ஊர் குடித்ததையே அதுவும் குடித்தது.

2009இல் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் தண்ணீர் வருவது சாதாரண விஷயமில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு மைல்கணக்கில் நடந்த பெண்களுக்கு அதன் அருமை தெரியும், நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் குழாய் வந்ததும் ஊருணி வெறும் பள்ளமாகிவிட்டது. சில இடத்தில் சாக்கடை சேர்ந்தது, சில இடத்தில் நாலுபக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி நடைபாதை போட்டார்கள். சுவர் எழும்பியதும் கசிவு நின்றது. கரைமரம் ஒன்று ஒன்றாக இளைக்கத் தொடங்கியதை, சுவரையும் மரத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள் மட்டுமே கவனித்திருப்பார்கள்.

இனி சீமைக் கருவேலத்துக்கு வருவோம். ராமநாதபுரம் என்றதும் வெளியூர்க்காரர் கேட்கிற முதல் மரம் அதுதானே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கிந்தியத் தீவுப் பக்கத்திலிருந்து விதையாக வந்து, பிறகு விறகுக்காகவும் தரிசைப் பசுமையாக்கவும் பரப்பப்பட்டது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்று டீக்கடையில் சொல்வார்கள். அதற்கு ஆதாரமில்லை. வேர் ஆழம் போகும் என்பது மட்டும் உண்மை. அமெரிக்காவில் அரிசோனாவின் ஒரு சுரங்கத்தில் அதன் இனத்து மரவேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். தன்னைச் சுற்றி மற்ற செடியை எழவிடாது என்பதும் உண்மை. மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2017இல் அதை அழிக்கச்சொல்லி உத்தரவிட்டதும், அதே ஆண்டு அந்த வேலை நிறுத்தி வைக்கப்பட்டதும், 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று மாநிலக் கொள்கையே வந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

டவுனுக்குள் அது நிற்பது காலி மனைகளில். வாங்கிப் போட்டவர் துபாயிலோ சென்னையிலோ இருப்பார், இங்கே கருவேலம் பாதுகாக்கும். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதுவே சோறு. ஒரே அடியாக அழித்துவிடு என்று சொல்வது டவுனில் இருந்துகொண்டு பேசுகிற பேச்சு. என் கேள்வி சின்னது. ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கியபிறகு அந்த இடத்தில் என்ன வைத்தீர்கள்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. அடுத்த மழைக்கு, ஆட்டுப்புழுக்கையில் வந்த விதை முளைத்து மறுபடியும் அதே மரம் நிற்கிறது. உடையோ வேம்போ நாட்டுக் கருவேலமோ வைத்திருந்தால் கதை மாறியிருக்கும். டவுனுக்குப் பக்கத்திலேயே சக்கரக்கோட்டை கண்மாய் இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2025இல் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது. தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன.

வெட்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்

தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955லேயே சட்டம் வந்துவிட்டது. சமவெளி நகரங்களுக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் வரவில்லை. மகாராஷ்டிரம் 1975இலும் கர்நாடகம் 1976இலும் நகர மரங்களுக்குச் சட்டம் போட்டன. இங்கே அரசு இடத்து மரமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவிடம் போகவேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. ஒன்றை வெட்டினால் பத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டர் சாலையை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சாலை அகலமாக வேண்டியதுதான், அந்த ரோட்டில் ராத்திரி பஸ் ஓட்டுகிறவரைக் கேட்டால் தெரியும். ஓரத்துப் புளியமரத்துக்குப் பதிலாகப் பத்துக் கன்று வைப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எந்த மாதத்தில் வைப்பார்கள், எந்த மரம் வைப்பார்கள், மூன்றாம் வருஷம் எத்தனை நிற்கிறது என்று எண்ணுவது யார்? பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது வனப்பரப்பையும் மரப்பரப்பையும் 33 சதவீதமாக்குவது என்று இலக்கு வைத்தார்கள். நட்ட கணக்கு எல்லா மேடையிலும் கேட்கிறது. பிழைத்த கணக்கை மேடையில் வாசித்து நான் கேட்டதில்லை.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி. வீடுகளுக்குள் தண்ணீர், தெருவெல்லாம் தண்ணீர். மணல் தீவு அது. மணல் என்பது தண்ணீரைக் குடிப்பதற்கென்றே இருப்பது. ஆனால் கோயிலைச் சுற்றிய தெருக்களில் மண் எங்கே தெரிகிறது? சிமெண்ட் ரோடு, பேவர் கல், விடுதி வாசல், மறுபடியும் சிமெண்ட். இருக்கிற மரத்துக்கும் அடிமரத்தை ஒட்டிக் கல் பதித்துவிட்டார்கள். மரத்தடியில் நாலடிக்கு நாலடி மண்ணைத் திறந்து விட்டால், மரத்துக்கும் மூச்சு, அந்த மழையில் கொஞ்சமாவது கீழே இறங்கி உப்புநீரின் மேல் மிதக்கும் நல்ல நீரோடு சேரும். தெருவுக்கு இருபது மரம் என்றால் இருபது சின்ன ஊருணி. வெள்ளத்தை அது நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. சித்திரை மாதத்தில் கிணற்றுக்குள் கயிறு எத்தனை அடி இறங்குகிறது என்பதில் வித்தியாசம் தெரியும்.

போன ஐப்பசியில், மூன்று கன்று தின்ற அந்தப் பழைய குழியில் ஒரு பூவரசுப் போத்தை நட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மேல்முனைக்குச் சாணி கொண்டுவந்து அப்பினார். "கூண்டு கேட்டு எழுதிப் போடலியா தம்பி?" என்றார். வேண்டாமென்று சொன்னேன். கார்த்திகையில் உச்சியில் நாலு இலை விட்டது. தெருவில் திரியும் வெள்ளாடு ஒன்று இரண்டு தடவை முன்னங்காலைத் தூக்கிவைத்துப் பார்த்தது, எட்டவில்லை. இப்போது அது எதிர்வீட்டு முருங்கையில் மும்முரமாக இருக்கிறது.